புடவை விளம்பரத்திலிருந்து சினிமாவுக்கு: முகத்தோடு தொடங்கி குரலுக்கு வந்து சேர்ந்த கதை

தீபாவளிக்கான புடவை கேட்டலாக்கை ஆடி மாதத்திலேயே படமெடுத்து முடித்துவிடுவார்கள் என்பது, 2010-இல் அந்த வேலைக்கு முதன்முதலாகப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடையின் மேல்மாடியில், வெள்ளைத் துணி கட்டிய சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் இரைச்சல் கீழ்த்தளங்களிலிருந்து படியேறி வந்துகொண்டிருந்தது. காலை 7 மணியிலிருந்து இரவு 9 மணிக்குள் 42 புடவைகளைக் கட்டி அவிழ்த்தேன். அத்தனைக்கும் சேர்த்து நான்கு நிறங்களில் நான்கே ரவிக்கைகள்தாம் இருந்தன. அவற்றில் எதுவும் என் அளவுக்குத் தைத்தது இல்லை என்பதால், முதுகுப்புறம் முழுக்கக் கிளிப்புகளைப் போட்டு இறுக்கியிருந்தார்கள். முந்தானை விசிறிபோல் விரிந்து நிற்பதற்காக ஓர் இளைஞர் கேமராவுக்குத் தெரியாதபடி தரையில் படுத்து, சரிகைக் கரையின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டிருப்பார். ‘ரெடி’ என்ற சொல் கேட்டதும் அதை விட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார். புகைப்படக்காரர் அன்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “முகத்துல ஒண்ணும் பண்ணாதீங்கம்மா, பார்டர் தெரியட்டும்.”

அந்த ஒரு வாக்கியத்தை என் உடம்பு மூன்று ஆண்டுகள் மனப்பாடம் செய்தது. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கன்னத்தின் சூட்டிலேயே அறிந்துகொள்ளவும், கழுத்தை எவ்வளவு நீட்டினால் தாடையின் கோடு தெளிவாக விழும் என்பதைக் கண்ணாடி இல்லாமலே கணிக்கவும், ஷட்டர் விழும் கணத்தில் மூச்சை நிறுத்தவும் பழகினேன். இவை எளிய திறமைகள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மாடலிங் செய்யும் பெண்களை ‘சும்மா நிற்பவர்கள்’ என்று பேசுவோர், ஒரு நாள் 42 புடவைகளுக்கு நடுவில் நின்று பார்க்க வேண்டும். ஆனால் பின்னாளில் சினிமாவில் நான் முட்டிமோதிய இடங்கள் எல்லாம் அந்த மனப்பாடத்தால் வந்தவை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இந்தப் பாதையில் வரும் இளம்பெண்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்தேன்; அவற்றை ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் கோபிசெட்டிப்பாளையத்துக்கு அருகில் உள்ள ஒரு கிராமம். அந்தப் பக்கத்து வயல்களையும் கொடிவேரி அணையையும் தமிழ் சினிமா பார்த்த அளவுக்கு வேறு எந்த ஊரையும் பார்த்திருக்குமா என்று தெரியவில்லை. வாய்க்கால் கரையில் படப்பிடிப்பு நடந்தால், நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நானும் அம்மாவின் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சென்னைக் கல்லூரியில் படிக்கும்போது மாடலிங் வாய்ப்பு வந்ததை அம்மாவிடம் சொல்லப் பயந்துகொண்டே சொன்னேன். பால் சொசைட்டியில் இருபது ஆண்டுகள் கணக்குப் பார்த்த அம்மா, நான் எதிர்பார்த்த எதையும் சொல்லவில்லை. “உன்ற மொகத்த நாலு பேரு பாக்கறதுல ஒண்ணும் தப்பில்ல கண்ணு. கையெழுத்துப் போடற காயிதத்த மட்டும் நீயே முழுசாப் படிச்சுப் பாத்துக்கோ” என்றார்.

நான் படிக்கவில்லை. 2012-இல் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்காக என்னிடம் நீட்டப்பட்ட தாள் ஒரே பக்கம்தான் இருந்தது. அதில் ‘விளம்பரப் பயன்பாட்டுக்காக’ என்ற சொற்கள் இருந்தன. எவ்வளவு காலம், எந்தெந்த ஊர்களில், எந்த ஊடகங்களில் என்ற எதுவும் இல்லை. 2015 பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, சங்ககிரியைத் தாண்டியதும் பேருந்தின் ஜன்னல் வழியாக என் முகத்தையே நான் பார்த்தேன். இருபதடி உயர ஹோர்டிங்கில், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நான், வெயிலில் வெளுத்த சிரிப்போடு நின்றுகொண்டிருந்தேன். அதைப் பார்த்த பெருமை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. வேறொரு நகைக்கடை எனக்கு ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வந்து, அந்த ஹோர்டிங் இன்னும் நெடுஞ்சாலையில் நிற்பதை அறிந்ததும் பின்வாங்கிவிட்டது. முதல் கடையிடம் பேசிப் பார்த்தேன். அவர்கள் அந்த ஒரே பக்கத் தாளின் நகலை எடுத்து வைத்தார்கள். நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே, விளம்பர ஒப்பந்தத்தில் ஊதியத் தொகையைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை சில உண்டு. படங்கள் அச்சிலா, ஹோர்டிங்கிலா, தொலைக்காட்சியிலா, இணையத்திலா வரப்போகின்றன என்பது தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். காலம் தேதியோடு இருக்க வேண்டும். ‘ஓராண்டு’ என்றால் படமெடுத்த நாளிலிருந்தா, முதன்முதலாக வெளியான நாளிலிருந்தா என்பதும் தெளிவாக வேண்டும். காலம் முடிந்தபின் தொடர விரும்பினால் அதற்குப் புதுத் தொகை உண்டு என்று எழுதச் சொல்லுங்கள். அதே துறையில் வேறு கடைக்கு வேலை செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டால், அந்தத் தடைக்கும் ஒரு விலை இருக்கிறது. இப்போது இன்னொன்றையும் நான் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்கிறேன்: என் முகத்தையோ குரலையோ உடலையோ கணினி வழியே புதிதாக உருவாக்கிப் பயன்படுத்த என் தனி எழுத்துச் சம்மதம் தேவை என்ற வரி. இவற்றையெல்லாம் கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று தொடக்கத்தில் எனக்கும் பயம் இருந்தது. கேட்டதால் எனக்கு இரண்டு வேலைகள் போயின என்பது உண்மை; கேட்காமல் விட்டதால் போனது ஓராண்டு.

மாடலிங்கிலிருந்து சினிமாவுக்கு வருவது ஒரே எட்டில் கடக்கும் வாசல்படி என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. கிரீடம் சூட்டும் புகைப்படமும் முதல் பட போஸ்டரும் மட்டும் நம் நினைவில் நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. திரிஷா 1999-இல் மிஸ் சென்னை பட்டம் பெற்றார். அதே ஆண்டு ‘ஜோடி’ படத்தில் சிம்ரனின் தோழியாகச் சிறு வேடத்தில் வந்துபோனார். கதாநாயகியாக ‘மௌனம் பேசியதே’ வெளியானது 2002-இல். ஐஸ்வர்யா ராய் 1994-இல் உலக அழகி ஆனார். முதல் படமான ‘இருவர்’ 1997-இல் வந்தது. அவர்களுக்கே இடையில் மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த நடுவாண்டுகளில் வாடகை கட்டுவது எப்படி, எதைக் கற்றுக்கொள்வது, எதற்கு மறுப்புச் சொல்வது என்பவைதாம் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. பட்டம் எதுவும் இல்லாத எனக்கு அந்த நடுவாண்டுகள் இன்னும் நீண்டவையாக இருந்தன.

என் முதல் படப்பிடிப்பு 2013-இல், சாலிகிராமத்தில் படப்பிடிப்புக்காகவே வாடகைக்கு விடப்படும் ஒரு வீட்டின் சமையலறையில் நடந்தது. கதாநாயகனின் தங்கை வேடம்; மொத்தம் ஆறு காட்சிகள். அன்று எனக்கு ஒரே ஒரு வசனம்: “அப்பா இன்னும் வரலையாம்மா?” அரிசி களைந்துகொண்டே அதைக் கேட்க வேண்டும். முதல் டேக் முடிந்ததும் இயக்குநர் என் அருகில் வந்து, குரலை உயர்த்தாமல், “நீங்க ரொம்ப அழகா நிக்கிறீங்கம்மா. அதுதான் பிரச்சினை. அரிசியைக் களைங்க” என்றார். நான் களைந்துகொண்டுதான் இருந்தேன் என்று நினைத்தேன். மானிட்டரில் பார்த்தபோதுதான் தெரிந்தது: கை தண்ணீரில் இருந்தது, ஆனால் கழுத்து விளக்கைத் தேடித் திரும்பியிருந்தது, தோள்கள் புடவைக் கேட்டலாக்கில் நிற்பதுபோல் விரிந்திருந்தன, வசனத்துக்கு முந்திய கணத்தில் நான் மூச்சை நிறுத்தியிருந்தேன். மூச்சை நிறுத்திய ஒருத்தி அப்பாவைப் பற்றிக் கவலைப்படுபவளாக எப்படித் தெரிவாள்?

ஒன்பது டேக்குகள் போயின. என் அம்மாவாக நடித்த மூத்த நடிகை ஒவ்வொரு டேக்கிலும் தன் வசனத்தைப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாவதற்குப் பிறகு என்னைத் தனியாக அழைத்தார். “பாப்பா, உன் டயலாக் எப்ப வரும்னு நீ காத்துக்கிட்டு இருக்க. நான் பேசுறது உன் காதுல விழவே இல்ல. இப்ப நான் வேற ஏதாவது கேப்பேன். அதைக் கேட்டுட்டு அப்புறம் உன் வரியைச் சொல்லு” என்றார். பத்தாவது டேக்கில், எழுதப்பட்ட வசனத்துக்குப் பதிலாக, “வாசல்ல லைட்டு போட்டியாடி?” என்று கேட்டார். நான் அறியாமலே வாசல் பக்கம் திரும்பினேன், இருட்டிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்ததுபோல் இருந்தது, “அப்பா இன்னும் வரலையாம்மா?” என்று கேட்டேன். கை தானாக அரிசியைப் பிசைந்துகொண்டிருந்தது. இயக்குநர் அந்த டேக்கையே வைத்துக்கொண்டார். அந்த அம்மா இன்று இல்லை. நடிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அந்தச் சமையலறையில் அவர் தந்தது.

அதன்பிறகுதான் பயிற்சி வேண்டும் என்ற அறிவு வந்தது. சென்னையில் நடிகரின் உடலையும் குரலையும் தெருக்கூத்தின் அடிப்படையில் வளர்த்தெடுக்கும் மரபு ஒன்று இருக்கிறது, ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவிலிருந்துதான் பசுபதி, கலைராணி போன்றோர் திரைக்கு வந்தார்கள். நான் சேர்ந்தது திருவான்மியூரில் ஒரு மொட்டைமாடியில் இயங்கிய சிறிய நாடகக் குழு. முதல் மாதம் முழுவதும் வசனமே இல்லை. விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய சொம்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடியைச் சுற்றி நடக்கச் சொன்னார்கள். ரேம்பில் நடந்து பழகிய எனக்கு நடக்கத் தெரியும் என்ற நினைப்பு. மூன்றாவது சுற்றில் புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது. இரண்டு வாரங்கள் கழித்து ஒரு மாலையில், என்னைப் பார்ப்பவர்கள் யார் என்ற எண்ணமே இல்லாமல் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு ஐந்து சுற்றுகள் நடந்து முடித்தேன். வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், போர்ட்ஃபோலியோ எனும் படத்தொகுப்புக்குச் செலவிடும் பணத்தில் பாதியையாவது இப்படிப்பட்ட ஓரிடத்தில் செலவிடுங்கள் என்பதே நான் முதலில் சொல்லும் அறிவுரை.

இனி நான் எழுதப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. என் முதல் படம் வெளியானபோது அம்மா ஊரிலிருந்து பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். நன்றாக இருந்தது என்றார். சற்றுப் பொறுத்து, “உன்ற வாய்ல பேசற புள்ள ஆரு கண்ணு?” என்று கேட்டார். என் கொங்குத் தமிழும் தடித்த குரலும் அந்தச் சென்னைக் குடும்பத்துத் தங்கைக்குப் பொருந்தாது என்று முடிவெடுத்து, வேறொரு கலைஞரைப் பேச வைத்திருந்தார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. தமிழ் சினிமாவில் இது வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். ‘இருவர்’ படத்தில் ஐஸ்வர்யா ராய்க்குக் குரல் கொடுத்தவர் ரோகிணி. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் திரிஷாவுக்குப் பேசியவர் சின்மயி. டப்பிங் கலைஞர்களின் கலை பெரிது. இருட்டறையில் நின்று, இன்னொருத்தியின் உதட்டசைவுக்கு உயிர் கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பின்னாளில் நானே அறிந்தேன். ஆனால் அந்த வழக்கத்தால் புதுமுக நடிகைக்கு நேரும் இழப்பு நடிப்போடு மட்டும் நிற்பதில்லை.

2015-இல் ஒரு சிறிய படத்தில் கதாநாயகியாக நடித்தேன். 45 நாட்கள் படப்பிடிப்பு. ஊதியம் மூன்று தவணைகளில் என்று பேச்சு. கடைசித் தவணை படம் முடியும்போது. கோடம்பாக்கத்தில் பல காலமாக ஒரு நடைமுறை உண்டு: நடிகர்கள் பாக்கித் தொகையை டப்பிங்குக்கு முன்பு வாங்கிக்கொள்வார்கள். படம் முடிவதற்கு அவர்களுடைய குரல் தேவைப்படுகிறது என்பதால், தயாரிப்புத் தரப்பும் அதற்குள் கணக்கை முடித்துவிடும். அந்தப் படத்தில் கதாநாயகன், வில்லன், அப்பாவாக நடித்தவர் என எல்லோரும் தங்கள் பாக்கியை அப்படித்தான் வாங்கினார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. என் குரல் படத்தில் இல்லை. படப்பிடிப்பின் கடைசி நாளோடு அவர்களுக்கு என்னிடம் ஆக வேண்டியது எல்லாம் முடிந்துவிட்டது. படமும் வெளியாகாமல் போனது. மூன்றில் ஒரு பங்கு ஊதியம் இன்றுவரை வரவில்லை. கேட்டலாக்கில் ‘முகத்துல ஒண்ணும் பண்ணாதீங்க’ என்று தொடங்கியது, குரலே வேண்டாம் என்ற இடத்தில் வந்து நின்றதாக எனக்குப் பட்டது. சொந்தக் குரலில் பேசும் நடிகைக்குக் கலையில் ஒரு மதிப்பு கூடுகிறது என்பதோடு, பேரத்தில் ஒரு பிடியும் கிடைக்கிறது. டப்பிங் வேறொருவர் என்று முடிவானால், கடைசித் தவணை படப்பிடிப்பின் இறுதி நாளுக்கு முன்பே வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தில் இன்னொன்று. தொழில்முறைக் கட்டணமாகக் கொடுக்கும் ஊதியத்தில் பொதுவாக 10 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்பதை வருமான வரித்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வருமானம் குறைவான ஆண்டுகளில் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்கும். முதல் நான்கு ஆண்டுகள் நான் தாக்கலே செய்யவில்லை. வேலை இல்லாத மாதங்களில் தோழியிடம் கடன் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். ஒருமுறை கதை சொல்வதற்காக இரவு 10 மணிக்கு ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னார்கள். மறுநாள் பகலில் அலுவலகத்துக்கு என் அறைத்தோழியோடு வருவதாகச் சொன்னேன். அதன்பின் அழைப்பே வரவில்லை. அந்த வேடம் போனதற்காக நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சரியான முடிவை எடுத்தவர்களுக்கு வலிக்காது என்று நினைக்காதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும்; அது இல்லாத இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு; நிகழ்ந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளத்தில் 2017-இல் அமைக்கப்பட்ட ஹேமா குழு 2019-இல் கொடுத்த அறிக்கை, 2024-இல்தான் வெளியே வந்தது. குழுக்கள் மெதுவாக நடக்கும். அதனால் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், போகும் இடத்தை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேம்ப் ஷோவுக்கு முன்பு மூன்று நாட்கள் பழச்சாற்றோடு நிறுத்திக்கொள்வதை ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். 2016-இல் ஒரு நாள் மேக்கப் அறையில் மயங்கி விழுந்தபிறகு எடுத்த பரிசோதனையில் என் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ராகியும் கீரையும் முட்டையும் இரும்புச்சத்து மாத்திரையுமாக அதைச் சரிசெய்ய எட்டு மாதங்கள் ஆயின.

2017-லிருந்து இரண்டு ஆண்டுகள் சீரியலில் நடித்தேன். மாதத்துக்கு 18 நாட்கள் வேலை, உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கும் வசனம், ஒரு நாளில் ஏழெட்டுக் காட்சிகள். சினிமாவுக்குப் போனவர்கள் சீரியலைத் தாழ்வாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. வேகமாகக் கேட்டு வேகமாகப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது, வாடகையும் தவறாமல் கட்டினேன். அந்தக் காலத்திலேயே ஓய்வு நாட்களில் ஒரு டப்பிங் தியேட்டருக்குப் போய், கூட்டத்துக்குக் குரல் கொடுக்கும் சிறு வேலைகளைக் கேட்டு வாங்கிச் செய்தேன். மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது, உதடு திறப்பதற்கு முன்பு இழுக்கும் மூச்சையும் பேச்சோடு சேர்த்து எப்படிப் பதிவு செய்வது என்பதெல்லாம் அங்கே நின்றவர்கள் சொல்லிக்கொடுத்தவை. கேட்டலாக்கில் நிறுத்திப் பழகிய மூச்சை, அந்த இருட்டறையில்தான் விடக் கற்றேன்.

31 வயதில் 20 வயதுப் பையனுக்கு அம்மாவாக நடிக்க அழைப்பு வந்தது. மறுத்தேன். அடுத்த ஏழு மாதங்கள் எதுவும் வரவில்லை. பிறகு 2022-இல் ஒரு வெப் சீரிஸில், பவானி ஆற்றங்கரையில் சாயப்பட்டறைக் கழிவுக்கு எதிராக நிற்கும் விவசாயக் குடும்பத்து மருமகள் வேடத்துக்கு ஆடிஷன் வைத்தார்கள். கொடுத்த வசனம் பொதுத்தமிழில் இருந்தது. அதை ஒருமுறை படித்துவிட்டு, “இதை எங்க ஊர்ப் பேச்சுல சொல்லட்டுங்களா?” என்று கேட்டேன். சொல்லி முடித்ததும் இயக்குநர் தன் உதவியாளரிடம் திரும்பி, மற்றவர்களின் வசனங்களையும் என்னிடம் காட்டித் திருத்தி வாங்கச் சொன்னார்.

அந்தத் தொடரின் ஒப்பந்தம் 14 பக்கங்கள். இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன்; மூன்று இடங்களில் திருத்தம் கேட்டேன்; இரண்டுக்குச் சம்மதித்தார்கள். பாக்கித் தொகை டப்பிங் நாளன்று காலை 9 மணிக்கு என் கணக்கில் ஏறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வடபழனியில் அந்தத் தியேட்டருக்குள் போனேன். திரையில் நான் குடத்தோடு படியிறங்கி வந்து, நுரை மிதக்கும் ஆற்றைப் பார்த்தேன். ஹெட்போனில் தண்ணீரின் ஓசை கேட்டது. சொம்புத் தண்ணீர் சிந்தாமல் நடந்த அந்த மாடியும், அரிசி களைந்த சமையலறையும் எங்கோ உள்ளுக்குள் இருந்தன. மூச்சை இழுத்து, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று, “இந்தத் தண்ணிய மாட்டுக்குக்கூட வெக்க முடியாதுங்க மாமா” என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். “நல்லா இருந்துச்சுங்க. மூச்சு இன்னும் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிக்குது, அதையும் எடுத்துக்கலாம்” என்று சொல்லி, அதே காட்சியை மீண்டும் ஓட விட்டார்.